திருத்தணிக் கூரைகளில் கல்நார்: கண்டறிவதும் கழற்றுவதும்

கட்டடத்தில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கிறதா என்று கண்டறியச் சொல்லித்தரும் மேலைநாட்டுக் கையேடுகளில் எதைப் புரட்டினாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: கட்டடம் எந்த ஆண்டு கட்டியது? பிரிட்டனில், கல்நாரின் ஒரு வகையான வெள்ளைக் கல்நாருக்கும் 1999-இல் தடை வந்துவிட்டது. அதற்குப் பின் எழுந்த கட்டடம் என்றால் கவலை பெரும்பாலும் தீர்ந்தது. ஆஸ்திரேலியாவில் அந்தக் கோடு 2003 டிசம்பர் 31. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005. திருத்தணியில் இந்தக் கேள்வி எதற்கும் உதவாது. 1970-களில் போட்ட தறிக்கூடத்து ஷீட்டிலும் கல்நார் உண்டு. போன மாதம் கடையிலிருந்து வண்டியில் இறக்கி மாட்டிய சாம்பல் நிற சிமென்ட் ஷீட்டிலும் பெரும்பாலும் உண்டு. இந்தியாவில் 1986 முதல் கல்நார்ச் சுரங்கங்களுக்குப் புதிய குத்தகை கிடையாது. ஆனால் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கவும், ஷீட்டாக்கி விற்கவும், கூரையில் போடவும் தடையில்லை. உலகிலேயே மிக அதிகமாகக் கல்நார் இறக்குமதி செய்யும் நாடு இந்தியா. ஆண்டுக்கு 3 லட்சம் டன்னுக்கு மேல் வருகிறது, அதில் ரஷ்யாவிலிருந்து வருவதே அதிகம்.

ஆகவே பழைய கட்டடம், புதிய கட்டடம் என்ற பிரிவினையை இங்கே முதலில் ஒதுக்கிவிட வேண்டும். சிமென்ட் ஷீட் என்றால் அதில் கல்நார் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்று ஆய்வகம் சொன்னால் மட்டுமே இல்லை. இந்தக் கட்டுரையின் மற்ற எல்லாமே இந்த ஒரு விதியிலிருந்து பிறப்பவைதான்.

சிமென்ட்டோடு கல்நார் இழையைக் கலந்து மெல்லிய தகடாக்கும் முறைக்கு ஆஸ்திரியாவின் லுட்விக் ஹாட்ஷெக் 1901-இல் காப்புரிமை பெற்றார். இந்தியாவில் இதற்கான ஆலை 1934-இல் மத்தியப் பிரதேசத்துக் கைமூரில் எழுந்தது. திருத்தணிக்கு இந்தச் சரக்கு தொலைதூரத்துப் பொருள் அல்ல. பதினைந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் அரக்கோணத்தில்தான் ராம்கோ இண்டஸ்ட்ரீஸ் நிறுவனம் 1960-களில் தன் முதல் ஷீட் ஆலையைத் தொடங்கியது. மாநில எல்லைக்கு அப்பால் ஆந்திரத்தில், கடப்பை மாவட்டத்தின் புலிவெந்துலாப் பகுதியில் கல்நாரே மண்ணுக்கடியில் இருந்தது. அங்கே பழைய சுண்ணாம்புப் பாறையின் இடையே எரிமலைக் குழம்பு புகுந்து உறைந்த இடங்களில், இரண்டும் தொடும் விளிம்பில் வெள்ளைக் கல்நார் நரம்பு நரம்பாக ஓடுகிறது. ஆலை பக்கத்தில், லாரிச் செலவு குறைவு, ஓட்டைவிட விலை மலிவு, கீற்றைப்போல் ஆண்டுதோறும் மாற்ற வேண்டியதில்லை, தீயும் பிடிக்காது. திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் என்று விசைத்தறிகள் பெருகிய வட்டாரத்துக்கு இதைவிடத் தோதான கூரை அன்று வேறில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்துக் கீற்றுக் கூரை பற்றி எரிந்து 94 குழந்தைகள் மாண்டபின், தமிழ்நாடெங்கும் கீற்று இறங்கிய பல இடங்களில் ஷீட் ஏறியது. அந்த ஏழைக் கூரையைத் தேர்ந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் கண்முன்னால் இருந்தது தீயும் மழையும். கல்நார் செய்யும் கேடு கண்ணுக்குத் தெரியாதது, அது வெளிப்பட முப்பது ஆண்டுகூட ஆகலாம்.

எத்தனை வீடுகள் இப்படி என்று எண்ணிப் பார்க்கவும் வழியில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கூரைகளை வகைபிரித்தபோது துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு, உலோகத் தகடு, கல்நார் ஷீட் மூன்றையும் ஒரே கட்டத்தில் போட்டுவிட்டது. நாட்டின் வீடுகளில் ஏறத்தாழ 16 சதவீதம் அந்தக் கட்டத்துக்குள் வருகின்றன. ஒரு தகரக் கூரையும் ஒரு கல்நார்க் கூரையும் உடல்நலக் கணக்கில் ஒன்றாக முடியாது. அடுத்த கணக்கெடுப்பில் இந்த ஒரு கட்டத்தை இரண்டாகப் பிரிப்பதற்குப் பெரிய செலவு ஏதும் ஆகாது.

இழை செய்யும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லலாம். நுரையீரலின் ஆழத்துக்குப் போகக்கூடியவை என்று ஆய்வகங்கள் எண்ணும் இழைகள் 5 மைக்ரானுக்கு மேல் நீளமும் 3 மைக்ரானுக்குக் குறைந்த தடிமனும் உடையவை. தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்கும் தேறாது. உள்ளே போனது கரைவதில்லை, எளிதில் வெளியேறுவதுமில்லை. நுரையீரல் தழும்பேறி இறுகும் அஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்று, நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா என்னும் புற்று ஆகியவை பத்திலிருந்து நாற்பது ஆண்டுகள் கழித்து வருகின்றன. வெள்ளை, நீலம், பழுப்பு உட்பட கல்நாரின் எல்லா வகைகளும் புற்று உண்டாக்குபவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிந்த முடிவு. வேலையிடத்துக் கல்நாரால் மட்டும் ஆண்டுக்கு 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சாகிறார்கள் என்பது அதன் மதிப்பீடு. ஆலைத் தொழிலாளிக்கு மட்டும் வரும் நோய் இது என்ற எண்ணத்தை 1960-லேயே தென்னாப்பிரிக்காவில் கிறிஸ்டோஃபர் வாக்னரும் உடனிருந்தோரும் உடைத்துவிட்டார்கள். அவர்கள் விவரித்த 33 மீசோதீலியோமா நோயாளிகளில் பலர் சுரங்கத்தில் வேலையே பார்த்ததில்லை; அந்த வட்டாரத்தில் குடியிருந்தவர்கள். திருத்தணியில் ஷீட் வேலை பார்த்த ஒருவர் ஐம்பத்தைந்து வயதில் மூச்சுத்திணறலோடு மருத்துவரிடம் போனால், காசநோயா, பீடியா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். இளவயதில் என்ன தொழில் செய்தார் என்று கேட்டு எழுதும் வழக்கம் நம் மருத்துவச் சீட்டுகளில் இல்லை.

இத்தனையும் படித்துவிட்டு நாளைக்கே ஏறிக் கூரையைப் பிரிக்கக் கிளம்புவதுதான் மிகப் பெரிய தவறு. உடையாத, விரிசல் விடாத ஷீட்டில் இழை சிமென்ட்டுக்குள் சிறைப்பட்டுக் கிடக்கிறது. தலைக்கு மேல் சும்மா இருக்கும் அந்த ஷீட்டால் வரும் ஆபத்து குறைவு. அறுக்கும்போதும், துளையிடும்போதும், உடைக்கும்போதும், தேய்க்கும்போதும்தான் அது காற்றில் ஏறுகிறது. மூன்று மீட்டர் ஷீட் ஒன்று சுமார் 40 கிலோ. அதில் எட்டு சதவீதம் கல்நார் என்று வைத்தாலே மூன்று கிலோவுக்கு மேல் இழை. அது சிமென்ட்டுக்குள்ளேயே கிடக்கிறதா, நாலு வீட்டுக்காரர் மூச்சில் போகிறதா என்பது கழற்றுபவரின் கையில் இருக்கிறது.

இனி கண்டறிவது. வெறும் கண்ணால் உறுதி சொல்ல முடியாது. பாலிவினைல் இழை கலந்த, கல்நார் இல்லாத ஷீட்டும் பார்க்க அப்படியேதான் இருக்கும். ஆனால் நெருங்கிப் பார்த்தால் சந்தேகத்துக்கு வலு சேர்க்கும் அடையாளங்கள் கிடைக்கும். உடைந்த ஷீட்டின் விளிம்பை நனைத்துவிட்டு, கடிகாரம் பழுது பார்ப்பவர் கண்ணில் மாட்டும் பூதக்கண்ணாடியால் பாருங்கள். சாம்பல் நிற சிமென்ட்டின் நடுவே வெளுத்த இழைகள் குச்சமாக நீட்டிக்கொண்டிருக்கும்; ஒரே அளவில் வெட்டிப் போட்ட செயற்கை நூல்போல இராமல், நுனியில் மேலும் மேலும் பிரிந்து சுருண்டிருக்கும். பழைய ஷீட்டின் மேற்பரப்பு இன்னொரு கதை சொல்லும். புதிதில் வழுவழுப்பாக இருந்தது, முப்பது வருட மழையில் சிமென்ட் அரித்து, பாசி படர்ந்து, தடவினால் சொரசொரப்பாக இருக்கும். அரித்துப்போன ஷீட்டிலிருந்து இழை தானாகவே கழன்று போவதை ஜெர்மனியில் ஸ்பர்னி என்ற ஆய்வாளர் 1980-களிலேயே அளந்து காட்டியிருக்கிறார். அப்படிக் கழன்றது மழைநீர்த் தகரத் தூம்பிலும் இறவாணத்துக்கு நேர்கீழேயும் சாம்பல் வண்டலாகத் தங்குகிறது. 2003-இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபின் ஷீட் கூரைத் தண்ணீரும் தொட்டிக்குப் போகிறது. அந்தத் தண்ணீரைக் குடித்தால் கல்நார் நோய் வரும் என்பதற்கு ஏற்கத்தக்க சான்று இல்லை. தூம்பில் காய்ந்த வண்டலைத் துடைப்பத்தால் தள்ளும்போது எழும் தூசிதான் கவலைக்குரியது. நனைத்து வாருங்கள்.

உறுதி வேண்டுமென்றால் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ஏற்கெனவே உடைந்த விளிம்பில் சோப்புத்தண்ணீர் தெளித்து, குறட்டால் ஒரு ரூபாய் நாணய அளவுத் துண்டை ஒடித்து, இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு மூடி, ஒடித்த இடத்தில் பெயின்ட் பூசிவிட வேண்டும். ஆய்வகத்தில் அமிலத்தால் சிமென்ட்டைக் கரைத்துவிட்டு, மிஞ்சிய இழையை முனைவாக்க ஒளி நுண்ணோக்கியில் பார்த்து எந்த வகைக் கல்நார் என்று சொல்லிவிடுவார்கள். இத்துறையில் அகமதாபாத்தின் தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனமும் லக்னோவின் இந்திய நச்சியல் ஆராய்ச்சி நிறுவனமும் நெடுங்காலம் வேலை செய்திருக்கின்றன. ஒரு சாதாரண வீட்டுக்காரர் இதற்காக அலைய வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். கல்நார்தான் என்று வைத்துக்கொண்டு எச்சரிக்கையாக நடந்தால் சோதனைக்கு ஆகும் காசை முகக்கவசத்துக்குச் செலவிடலாம்.

ஷீட் மட்டும்தான் கல்நார் என்றும் நினைக்க வேண்டாம். பழைய வீட்டின் மழைநீர்க் குழாய், புகைபோக்கி, நிலத்தடிக் குடிநீர்க் குழாய் ஆகியவற்றில் சிமென்ட்டோடு சேர்ந்து இருக்கும். இவற்றைவிடப் பல மடங்கு ஆபத்தானது சிமென்ட் இல்லாத மென்மையான கல்நார்: பழைய அரிசி ஆலைக் கொதிகலனின் கதவு இடுக்கில் செருகிய வெள்ளைக் கயிறு, நீராவிக் குழாயைச் சுற்றிய பஞ்சுபோன்ற பூச்சு, பழைய சினிமாக் கொட்டகையின் உட்கூரைப் பலகை. கையால் நசுக்கினால் பொடிவது எதுவானாலும் தொடாதீர்கள். அது பயிற்சி பெற்ற குழு, அடைத்த அறை, வடிகட்டிப் பொறி எல்லாம் இருந்தால் மட்டுமே செய்ய வேண்டிய வேலை. ஆலையை இடிக்க ஒப்பந்தம் விடுபவர் இதை முதலிலேயே எழுதி வைக்க வேண்டும்.

பொதட்டூர்பேட்டைப் பக்கம் ஒரு தறிக்கூடத்தின் கூரையை மாற்றுவதை நின்று பார்த்தேன். மேலே இருவர், கீழே ஒருவர். துருப்பிடித்த ஜே-போல்ட்டைத் திருக முடியாமல், கட்டிங் மெஷினை வைத்து ஷீட்டோடு சேர்த்து அறுத்தார்கள். வெள்ளைப் புகை எழுந்து கூடத்துக்குள் இறங்கியது. வராத ஷீட்டைச் சுத்தியலால் தட்டிப் பிளந்து கீழே தள்ளினார்கள். முகத்தில் துண்டு. பாவு கட்டிய தறி திறந்தே கிடந்தது. தண்ணீர் தெளித்துச் செய்யக்கூடாதா என்று கேட்டதற்கு மேலிருந்தவர் சொன்னார்: “தண்ணி ஊத்தினா வழுக்கும் சார், விழுந்துட்டா யார் பாப்பா?”

அவர் சொன்னது முழுக்க நியாயம். கல்நார் முப்பது ஆண்டு கழித்துக் கொல்லும். மக்கிய ஷீட் காலடியில் உடைந்தால் அன்றைக்கே கொல்லும். அதனால் கழற்றும் வேலையின் முதல் விதி தூசியைப் பற்றியது அல்ல: ஷீட்டின் மேல் ஏறாதீர்கள். கீழிருந்து சாரம் கட்டி, உள்பக்கமிருந்து எட்டிக் கழற்றுங்கள். மேலே போயே தீர வேண்டுமென்றால் சட்டங்களின் மேல் அகலப் பலகை போட்டு, பலகையில் மட்டும் நின்று, இடுப்பில் கயிறு கட்டிக்கொள்ளுங்கள். இப்படிச் செய்தால் நனைப்பதற்கும் தடையில்லை. அதற்குக் குழாயைத் திறந்து விடத் தேவையில்லை. வேகமாகப் பீய்ச்சும் தண்ணீர் இழையைத்தான் கிளப்பும். நம் விவசாயி முதுகில் மாட்டிக்கொண்டு மருந்தடிக்கும் கைத்தெளிப்பான் போதும். துளி சோப்புக் கரைசல் கலந்தால் தண்ணீர் ஷீட்டுக்குள் நன்றாக இறங்கும். போல்ட் இருக்கும் இடம், ஷீட்டின் அடிப்பக்கம், ஓரம் ஆகியவற்றில் மெல்லத் தெளித்து ஊறவிட்டால் சரி.

வேலைக்கான நாளையும் பார்த்துத் தேர்ந்துகொள்ள வேண்டும். ஆடிக்காற்றில் கூரை பிரிக்கக் கூடாது. அந்த மாதம் முருகன் கோயிலுக்கு வரும் கிருத்திகைக் காவடிக் கூட்டம் தெருவை நிறைத்திருக்கும், இழையைச் சுவாசிக்க ஊரே வந்திருக்கும். தை, மாசியின் காற்றடங்கிய காலை நேரம் நல்லது. முதல்நாளே நூலையும் சாமானையும் வெளியேற்றி, நகர்த்த முடியாத தறிகளைப் பாலிதீனால் மூடி, தரையிலும் விரித்துவிட வேண்டும். பக்கத்து வீட்டாரிடம் சொல்லி ஜன்னலைச் சாத்தச் சொல்ல வேண்டும். போல்ட்டைக் கைத்திருகியால் கழற்றுங்கள். வரவில்லை என்றால் போல்ட் கட்டரால் கடித்து எடுங்கள், அல்லது நனைத்துக்கொண்டே கை ரம்பத்தால் அறுங்கள். கட்டிங் மெஷின் அந்த வளாகத்துக்குள்ளேயே வரக்கூடாது. ஷீட்டை முழுசாக, இருவர் பிடித்து, கைமாற்றி இறக்க வேண்டும்; சரிக்கவோ எறியவோ கூடாது. இறங்கிய ஷீட்டை அடுக்கி, கனமான பாலிதீனில் இரண்டு சுற்று சுற்றி, டேப் ஒட்டி, மேலே எழுதுங்கள்: “கல்நார், உடைக்காதீர்.” ஆந்திர எல்லையோரமான இந்த ஊரில் அதைத் தெலுங்கிலும் எழுத வேண்டும். சிதறிய துண்டுகளை நனைத்துப் பொறுக்கி, தரையை ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் அதே மூட்டையில் போட வேண்டும். துடைப்பத்துக்கு இதில் வேலையில்லை.

துண்டு எதையும் தடுக்காது. கொரோனாக் காலத்தில் வீட்டில் சேர்ந்த என்-95 கூட இதற்கு உரியதல்ல. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதிகள் அவ்வகைக் கவசத்தைக் கல்நார் வேலைக்கு ஏற்பதில்லை. முகத்தை இறுகப் பிடிக்கும் ரப்பர் கவசமும் பி-100 வடிகட்டியும் வேண்டும். தாடி இருந்தால் அதுவும் ஒட்டாது. வேலைக்குப் போட்ட சட்டையை அங்கேயே கழற்றி மூட்டையில் போட்டுவிட்டு, குளித்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். கணவனின் அழுக்குத் துணியை உதறித் துவைத்தே மீசோதீலியோமா வந்த மனைவியர் பல நாட்டு மருத்துவப் பதிவுகளில் இருக்கிறார்கள்.

கழற்றாமல் வைத்திருப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. கோடையில் வானிலைத் துறையின் வெயில் பட்டியலில் அடிக்கடி முன்னால் நிற்கும் ஊர் திருத்தணி. வெக்கை தாங்காமல் ஷீட்டின் மேல் வெள்ளைப் பூச்சு அடிக்கிறார்கள். நல்ல யோசனை, பூச்சு இழையையும் கட்டிப்போடும். ஆனால் அடிப்பதற்கு முன் பாசியைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்ப்பதும் பிரஷர் பம்பால் பீய்ச்சுவதும் முப்பது ஆண்டுச் சேமிப்பை ஒரே மதியத்தில் காற்றில் விடுவதாகும். நனைத்து, மெல்லத் துடைத்து, முதலில் ஒட்டுப்பூச்சு கொடுத்து, பிறகு அடிக்க வேண்டும்.

கழற்றி மூட்டை கட்டியாயிற்று. எங்கே கொண்டுபோவது? இந்தக் கேள்வியில்தான் சட்டம் கைவிடுகிறது. 1995 ஜனவரி 27 அன்று உச்ச நீதிமன்றம், நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் தொடுத்த வழக்கில், தொழிலாளியின் உடல்நலம் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. கல்நார் ஆலைகள் தொழிலாளியின் உடல்நலப் பதிவுகளை வேலையில் சேர்ந்த நாள்முதல் 40 ஆண்டுகள், அல்லது ஓய்வுபெற்று 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை காக்க வேண்டும் என்றது. மிகப் பெரிய தீர்ப்பு. ஆனால் அது ஆலை வாசலோடு நின்றுவிட்டது. அந்த ஷீட்டை நாற்பது ஆண்டு கழித்துக் கழற்றும் மூன்று பேர் எந்த ஆலைப் பதிவேட்டிலும் இல்லை. 2016-இன் அபாயக் கழிவு விதிகளின் அட்டவணையில் கைவிட்ட கல்நார் இடம்பெறுகிறது, ஆனால் கல்நார்ப் பொருள் உற்பத்தி என்ற தலைப்பின் கீழ். அதே ஆண்டின் திடக்கழிவு விதிகள் வீட்டு அபாயக் கழிவைப் பட்டியலிட்டபோது பெயின்ட் டப்பா, பூச்சிமருந்து டப்பா, குழல்விளக்கு, காலாவதி மருந்து என்றன. கல்நார் ஷீட் அதில் இல்லை. விளைவு, கழற்றிய ஷீட் ஆட்டுக்கொட்டகைக்கும் குளியலறை மறைப்புக்கும் போகிறது. உடைந்தது பள்ளத்தை நிரப்புகிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் இந்த வடமாவட்டங்களில் கூரைகளைப் பிய்த்தெறிந்தபோது உடைந்த ஷீட்டுக்கும் மற்றக் குப்பைக்கும் யாரும் வேறுபாடு பார்க்கவில்லை.

தடை வரும், அப்போது எல்லாம் சரியாகும் என்று காத்திருப்பவர்களுக்கு இலங்கையின் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். 2018 ஜனவரி முதல் வெள்ளைக் கல்நார் இறக்குமதியைக் கட்டுப்படுத்த இலங்கை தயாரானது. 2017 டிசம்பரில், தேயிலைச் சரக்கில் ஒரு வண்டு இருந்ததாகச் சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. கல்நார்க் கட்டுப்பாடு தள்ளிப்போடப்பட்டது. சில நாட்களில் தேயிலைத் தடையும் நீங்கியது. இந்தியாவோ, அபாய இரசாயன வணிகம் பற்றிய ராட்டர்டாம் உடன்படிக்கையில் வெள்ளைக் கல்நாரை அபாயப் பட்டியலில் சேர்க்க 2011-இல் இசைந்துவிட்டு, 2013-இல் எதிர்த்தது. தடை நாளையே வந்தாலும், ஏற்கெனவே கூரையில் இருக்கும் ஷீட் அங்கேயேதான் இருக்கும்.

தீர்வின் ஒரு பாதி திருவள்ளூர் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. அபாயக் கழிவைப் பாதுகாப்பாகப் புதைக்கும் பொது நிலையம் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் செயல்படுகிறது. ஆலைகள் அங்கே அனுப்புகின்றன. திருத்தணித் தறிக்காரர் இரண்டு ஷீட்டை எடுத்துக்கொண்டு அங்கே போக முடியாது. இடையில் வேண்டியது நகராட்சியின் ஓர் அடைத்த கொட்டகை, வீட்டிலிருந்து உறையிட்ட ஷீட்டை வாங்கிக்கொள்ளும் ஓர் ஊழியர், லாரி நிறைந்ததும் மாவட்டத்தின் மறுகோடிக்கு ஒரு நடை. செலவை ஷீட் விற்பனையின்மேல் ஒரு சிறு கட்டணமாக வைத்து உற்பத்தியாளரிடமிருந்தே பெறலாம்; மின்கலத்துக்கும் மின்னணுப் பொருளுக்கும் உற்பத்தியாளர் பொறுப்பை இந்தியச் சட்டம் ஏற்கெனவே ஏற்றிருக்கிறது. ஷீட் மேஸ்திரிகளுக்கு ஒருநாள் பயிற்சியும், வாடகைக்குக் கைத்தெளிப்பானும் கவசமும் அதே கொட்டகையில் கொடுக்கலாம். அந்த ஏற்பாடு வரும்வரை, சுற்றிய ஷீட்டுகளை ஆள் புழங்காத மூலையில் படுக்கவைத்து அடுக்கி வையுங்கள். காயலான் கடைக்கும் ஆட்டுக்கொட்டகைக்கும் தராதீர்கள். வீட்டை விற்கும்போது, கூரையில் கல்நார் இருக்கிறது என்பதையும் மூட்டை எங்கே இருக்கிறது என்பதையும் வாங்குபவரிடம் எழுத்தில் கொடுங்கள்.